ஊர்காட்டுவார்க்குரிய அளவை

பழைய ஊர் என்பது பல காலத்து ஊர்கள் ஒன்றன்மேலொன்றாக அமைந்த ஓர் அடுக்கு. மேலுள்ள அடுக்கைக் கண்ணாற் காணலாம். கீழுள்ளவற்றைக் கல்வெட்டாலும் ஏட்டாலும், இடப்பெயராலும் திருவிழாவாலும் உய்த்துணர்தல் வேண்டும். இவ்வடுக்குக்களை வேற்றூரார்க்கு விளக்கிக் காட்டும் வழிகாட்டிகள் இக்காலத்துப் பெருகியுள்ளனர். பெருங்கூட்டமாக அழைத்துச் செல்லாது, ஒரு குடும்பத்தாரையோ நண்பர் இருவர் மூவரையோ தனியே உடனழைத்துச் சென்று, அவர் விரும்பும் இடத்து நின்று, கேட்ட வினாவுக்கு விடைகூறி வருதல் இவருட் பலர் மேற்கொண்ட தொழிலாம்.

இத்தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தில்லைக்குச் செல்லும் குடும்பத்தார் பலர்க்கு வழிவழியாக உரிய தீட்சிதர் ஒருவர் இருப்பர். அவர் வந்தாரை எதிர்கொண்டு, சந்நிதிதோறும் அழைத்துச் சென்று, அருச்சனை செய்வித்துத் தலப்பெருமை கூறுவர். அன்பர் தம்மூர் மீண்ட பின்னரும் அஞ்சல் வழியே பிரசாதம் விடுத்து வருவர். தந்தைக்கு வழிகாட்டியவர் மகனார் மைந்தனுக்கு வழிகாட்டுதலும் உண்டு. தனிவழிகாட்டல் என்று இன்று விளம்பரஞ் செய்யப்படுவதன் பழைய வடிவம் இதுவேயாம்.

ஆயினும் வழிகாட்டுவான் கூறுவன அனைத்தும் ஒரே தரத்தனவோ என்பது ஆராயற்பாலது. கேட்போர் அயலூரார், ஆராய்தற்குப் பொழுதில்லாதவர், சொல்லியதனை அவ்வாறே கொண்டு தம்மூர் சென்று பிறர்க்கும் உரைப்பவர். இக்காலத்துக் கைப்பேசி ஒன்று கையிலிருத்தலின், வழிகாட்டுவான் நாவிற் பிறந்த பிழை அவன் வீடு சேருமுன்னரே கடல்கடந்து விடும். ஆதலின் இன்னது கண்டது, இன்னது கருதியது, இன்னது கேட்டது என்று பகுத்துரைக்கும் நேர்மை அவனுக்கு இன்றியமையாதது.

அப்பகுப்பு முறை சைவநன்மக்கட்கு அயலதன்று. பண்ணுருட்டிக்கு அணித்தாகிய திருத்துறையூரில் விளங்கிய அருணந்தி சிவாசாரியர், சிவஞானசித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்தே அளவைகளை ஆராய்கின்றார். அளவை பத்தென்பாரும் உளரேனும், அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தாந்தத் துணிபு. காண்டலாவது ஐயமும் திரிபும் நீங்கப் பொறியால் அறிதல். கருதலாவது புகையைக் கண்டு நெருப்புண்மை துணிதல் போல்வது. உரையாவது நம்பத்தக்கார் கூற்று. பத்தனுள் ஒன்றாக எண்ணப்படும் ஐதிகம் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. இம்மரத்திற் பேயுண்டு என்று முன்னோர் சொல்லி வந்ததனை அவ்வாறே கொள்ளுதல் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். இறைவனையும் உயிரையும் பாசத்தையும் துணிதற்கு வகுத்த இவ்வளவைக் கருவி, இடிந்த மதிலையும் தூர்ந்த ஆற்றையும் துணிதற்கும் உதவுவதேயாம்.

மஞ்சக்குப்பத்தில் வாழும் முதியவர் ஒருவர் இதனைத் தம் தொழிலிற் கையாண்டு வருகின்றார். பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற அவர், புதுச்சேரியிலிருந்து வாடகை மோட்டாரில் வருவார்க்குக் கடலூரையும் சிதம்பரத்தையும் ஒரு பகலிற் காட்டுவர். ஓரிடத்து நின்று ஒன்றைக் கூறுமுன், "இது கண்டது" என்றோ, "இது கருதியது" என்றோ, "இது உரை" என்றோ, "இது ஐதிகம்" என்றோ முன்னுரைத்தே தொடங்குவர். வண்டி அமர்த்தித் தருவார் சிலர்க்கு இது பிடிப்பதில்லை. "வருகிறவர் கதை கேட்க வருகிறார், நீர் பாடம் நடத்துகிறீர்" என்று குறைகூறி, இனிய கதை சொல்வார் வேறொருவரிடம் தம் ஆட்களை விடுத்தாரும் உண்டு. அதனால் வரும்படி குறைந்தும் அவர் தம் வழக்கத்தை மாற்றினாரல்லர்.

அண்மையில் யாழ்ப்பாணத்து மரபினராகிய ஒரு குடும்பத்தார் அயல்நாட்டினின்றும் போந்து அவரை அமர்த்தினர். ஆறுமுக நாவலர் நூல்களைப் பாராயணமாகக் கொண்ட முதியவர் ஒருவர், அவர் மகனார், அருட்பாவில் ஊறிய குடியிற் பிறந்து அம்மனை புகுந்த மருமகளார், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, இந்நால்வரே வந்தவர்.

முதற்கண் அவர்களைத் தேவனாம்பட்டினத்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கெடிலம் கடலொடு கலக்கும் பகுதியில் செயிண்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராசாராமிடம் அதனை விலைக்குப் பெற்றனர். கோட்டையினின்றும் பீரங்கியாற் சுட்ட குண்டு சென்று வீழும் எல்லைவரை உள்ள ஊர்களும் அவ்விலையில் அடங்கின. 1746-இல் பிரெஞ்சியர் சென்னையைக் கைப்பற்றியபோது, தென்னாட்டு ஆங்கிலர்க்கு இக்கோட்டையே தலைமையிடமாயிற்று. 1752 வரை அவ்வாறிருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி இலாலி இதனைப் பிடித்துத் தகர்த்தனர். "இன்று கண்ணுக்குப் புலனாவது மிகச் சிறிதே" என்ற வழிகாட்டி, அவர்களைக் குண்டு உப்பலவாடிப் பக்கம் அழைத்துச் சென்று, "ஊர்ப்பெயரின் முன்னுள்ள குண்டு என்னுஞ் சொல்லே ஈண்டுப் புகை, 1690-இற் சுட்ட பீரங்கியே நெருப்பு. ஏடும் இதற்குச் சான்று. கருதலும் உரையும் ஒத்தவழித் துணிவு பிறக்கும்" என்றனர். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையிற் புகுந்து பல உயிரைக் கொண்டதனையும் அவர் கூறாது விட்டிலர். கடலூரின் அடுக்குக்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

பின்னர்த் திருப்பாதிரிப்புலியூர் அடைந்தனர். பாதிரியைத் தலமரமாக உடைமையாலும், புலிக்கால் முனிவர் வழிபட்டமையாலும் இப்பெயர் போந்தது என்பர். பெரும்பற்றப்புலியூராகிய தில்லையும் அம்முனிவர் பெயராலேயே வழங்குதலின், இரண்டு புலியூரும் ஒரு பயணத்தில் அடங்குதல் பொருத்தமேயாம். பாடலீசரைத் தொழுதபின் வழிகாட்டி கூறியது வந்தார்க்கு வியப்பளித்தது. அப்பர் பெருமான் தருமசேனராய்ச் சமணர்க்குத் தலைவராயிருந்த பாடலிபுத்திரம் இவ்வூரே என்றும், பிற்றைநாளிற் பல்லவ மன்னன் அச்சமணப் பள்ளிகளை இடித்து, அப்பொருள்கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்றும் பெரியபுராணம் கூறும். இஃது உரை. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனுக்கு உரிய பெயர் என்பதும், அவன் வேறு நெறியினின்றும் சிவலிங்க வழிபாட்டுக்குத் திரும்பினான் என்பதும் திருச்சிராப்பள்ளிக் குகைக் கோயிற் கல்வெட்டாற் பெறப்படும். மற்றும், உலோகவிபாகம் என்னும் சமண நூல் சக ஆண்டு 380-இல், அஃதாவது கி.பி. 458-இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதப்பெற்றது என்று அந்நூலின் வடமொழி வடிவம் குறிக்கின்றது. அப்பாடலிகை இதுவேயென ஆராய்ச்சியாளர் கொள்வர். அப்பர்க்கு முன்னரே இங்குச் சமணர்தம் கல்வி நிலையம் இருந்தமை இதனால் விளங்கும்.

"சைவத் தலத்தில் நின்று சமணர் கல்வியைப் பேசுதல் வேண்டுமோ?" என்றார் முதியவர்.

"வேண்டும், ஐயா. அவர்கள் கற்றார் அல்லரெனின், அவர்களை விட்டு வந்த அப்பர் பெருமானது துணிவின் பெருமை விளங்குமாறு எங்ஙனம்?" என்றார் வழிகாட்டி.

அவ்விடத்தினின்றும் கரையேறவிட்ட குப்பத்திற்கு வந்தனர். கல்லொடு பிணித்துக் கடலிலிடப்பட்ட அப்பர் பெருமான் அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் அது. ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் அத்திருவிழா நடைபெறும். சிறுமி சுற்றிலும் நோக்கி, "கடல் எங்கே?" என்று கேட்டாள். தக்க வினாவே அது. கடல் அவ்விடத்துக்குச் சேய்மையில் உள்ளது. வழிகாட்டி, "கெடிலம் முன்னாளில் ஊர்க்குத் தெற்கே ஓடிற்று, மாணிக்கவாசகர் பொருட்டு வடக்கே திரும்பிற்று என்பது தலவரலாறு. ஆறு இவ்வழியே ஓடியதெனக் கொள்ளின், கடலிலிருந்து ஆற்றுமுகத்தினுட் புகுந்து ஈண்டுக் கரையேறுதல் பொருந்தும். ஆற்றைப் பற்றியது கருதல், கல் மிதந்தமை சேக்கிழார் உரை, ஆண்டுதோறும் மக்கள் திரண்டு விழாக் கொண்டாடுதல் காண்டல்" என்றனர். இவ்வூர்ப் பக்கத்தவராகிய சுந்தர சண்முகனார் கெடிலக்கரை நாகரிகம் என்னும் நூலில் இவ்வாற்றின் கரையிலுள்ள ஊர்களை விரிவாக ஆராய்ந்துள்ளமையையும் எடுத்துக் கூறினர்.

நண்பகலில் மஞ்சக்குப்பம் மீண்டனர். 1801-இல் கருநாடக நவாபின் ஆட்சி கம்பெனியார்க்கு உரியதானபின், தென்னார்க்காட்டு அலுவல்களுக்கு இப்பகுதி தலைமையிடமாயிற்று. 1993-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரும் கடலூர் மாவட்டத்துக்கு இவ்வூரே தலைநகர். கலெக்டரும் நீதிபதியும் வழக்கறிஞரும் நடமாடிய இடமாதலின், நாட்டிலுள்ள பூசல்களெல்லாம் ஈண்டு வந்து தீர்வு வேண்டி நின்றன. அவற்றுள் ஒன்றே வந்தவரின் நெஞ்சிலிருந்தது. மைதானத்தின் ஓரத்தே மரநிழலில் வண்டி நின்றது. முதியவர் வினவினார்:

"நாவலர் பெருமான் வழக்குத் தொடுத்தது இவ்வூர் நீதிமன்றத்தில் அன்றோ? வள்ளலார் உள்ளே வந்தபோது நாவலர் தம்மையறியாது எழுந்து நின்றார். அதனைக் கண்ட நீதிபதி, 'நீரே மதித்து எழுந்த ஒருவர்மேல் வழக்கேது' என்று தள்ளிவிட்டார் என எங்கள் மருமகள் கூறுவாள். எங்கள் வீட்டில் யாம் அவ்வாறு கேட்டதில்லை. நீர் இவ்வூரார்; நீரே தீர்ப்புச் சொல்லும்."

மருமகளார் தலைகுனிந்து நின்றனர். வழிகாட்டி சிறிது பொழுது வாளாவிருந்து விடை கூறினார்:

"ஐயா, 1869-ஆம் ஆண்டில் நாவலரவர்கள் இராமலிங்க அடிகள் முதலியோர்மேல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது மெய். இருதிறத்தாரும் அச்சிட்ட கண்டனங்களும் பின்னாளில் திரட்டி வெளியிடப்பட்டுள்ளன. ஆகவே பூசல் உரையளவையாற் பெறப்படுவது. எழுந்து நின்ற செய்தி ஐதிகம், வாய்வழி வந்தது, சொல்வார்க்கேற்பச் சிறிது சிறிது மாறுவது. ஐதிகம் என்று சொல்லியே அதனைச் சொல்வேன். நடந்தது என்று ஆணையிட்டுக் கூறுமாறு என்னைக் கேளாதீர்கள். இக்கட்டடத்தில், இந்நாற்காலியருகில் என்று இடமுஞ் சுட்டேன்."

முதியவர் முகம் மலர்ந்தது. தாம் வென்றதாகக் கருதினர் போலும். மருமகளார் மெல்ல, "எனக்கு அந்தக் கதை வேண்டும், ஐயா. எங்கள் பிறந்த வீட்டில் அருட்பா ஓதுவர். புகுந்த வீட்டில் அதனை அருட்பா என்று சொல்லவும் ஒருப்படார். நாவலர் எழுந்து நின்றார் என்று நினைத்தால்தான் இரண்டு வீடும் எனக்கு ஒன்றாகும்" என்றார். முதியவர் மறுமொழி கூறிலர். மகனார் வேறுபுறம் நோக்கி நின்றனர்.

ஈண்டு வழிகாட்டுவான் நிலை அரிதாயிற்று. ஆமென்றால் ஓருள்ளம் ஆறும். கூலியும் மகிழ்ச்சியொடு வரும். ஆயினும் அவர் உரைத்தது வேறு:

"அம்மா, அந்தக் கதை ஒரு புண்ணின்மேலிட்ட துணி. துணியை எடுத்தால் தெரிவது யாது? ஒரே சிவத்தை நெஞ்சிற்கொண்ட இருவர் தம்முள் தீராத கருத்து வேற்றுமையால், அயல்நாட்டார் நிறுவிய மன்றத்தின் படியேற நேர்ந்தது. அது நோவத்தக்கதே. ஆயினும் அதனை மறைக்கவேண்டுவதில்லை. நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவினார். அடிகள் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. இரண்டுக்கும் இடையே மூன்றாண்டு, ஒரே நாடு. ஒருவர் அறிவுப்பசிக்குச் சாலை வைத்தார். மற்றவர் வயிற்றுப்பசிக்குச் சாலை வைத்தார். இதற்கு ஐதிகம் வேண்டுவதில்லை. வேண்டுமாயின் மாலையிற் சிதம்பரத்திலும், நாளை வடலூரிலும் நேரே காணலாம்."

முதியவர் நெடிது சிந்தித்து, "நாவலரும் வயிற்றுப்பசியை மறந்தாரல்லர். 1877-ஐ ஒட்டிய பஞ்சத்தில் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளை ஊட்டினார். அதுவும் எழுதப்பட்டுள்ளது" என்றார். பின்னர் மருமகளாரை நோக்கி, "நாளை வடலூர் போவோம், அடுப்பைப் பார்க்கலாம், பிள்ளை" என்றார். கதையாற் கூடாத இரண்டு வீடும் பதிவாற் சிறிது அணுகின. அணுகியது எவ்வளவு என்பது அவர்க்கே வெளிச்சம்.

மாலையிற் சிதம்பரம் எய்தினர். ஆண்டுள்ள அடுக்குக்கள் பல. முதலாம் பராந்தக சோழன் பொன்வேய்ந்தமை சோழர் செப்பேடுகளாற் பெறப்படும். முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் காலங்களில் விளங்கிய மணவிற்கூத்தனாகிய காலிங்கராயன், நரலோகவீரன் என்னும் பெயரும் உடையான், தில்லையிலும் திருவதிகையிலும் செய்த திருப்பணிகளை ஆண்டாண்டுள்ள கல்வெட்டுக்கள் விரித்துரைக்கும். மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தமையும் அவற்றுள் ஒன்று. வடக்குக் கோபுரம் விசயநகர மன்னர் கிருட்டிணதேவராயர் பெயரை நினைவூட்டும். பொருதழித்த அடுக்கும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் இத்திருக்கோயிலின் மதில் கோட்டை மதிலாயிற்று. 1781-ஆம் ஆண்டு சூனில் ஐதர் அலியின் படை உள்ளிருக்க, ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கி வெல்லமாட்டாது பின்வாங்கினர். சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் இரு படையும் பொருதன. அதற்கு முன் 1648 முதல் 1686 வரை நடராசப்பெருமான் திருவுரு தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருக்க நேர்ந்ததனையும் செப்பேடுகள் அறிவிக்கும். கூத்தனே ஊர்விட்டு ஊர்பெயர்ந்த காலம் அது என்று கேட்டபோது, ஊரிழந்து வந்த மரபினராகிய அக்குடும்பத்தார் கண்கலங்கினர்.

அவர்க்கு வழிவழியே உரிய தீட்சிதர் எதிர்வந்து அழைத்தார். அந்த எல்லையில் மஞ்சக்குப்பத்தார் தம் வாயை அடக்கிப் பின்னின்றனர். ஒரு வழிகாட்டி தன்னினும் உரியார் வந்தவழி விலகி நிற்றலும் தொழிலின் ஒரு கூறேயாம். தீட்சிதர், தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்த அறையையும், இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை வெளிப்படுத்திய வரலாற்றையும் கூறினர். சிறுமி தன் பாட்டனாரின் கையைப் பற்றி, "அப்பப்பா, இது உரையா, ஐதிகமா?" என்று கேட்டாள். தீட்சிதர் நகைத்து, "உமாபதி சிவம் திருமுறைகண்ட புராணத்தில் எழுதி வைத்திருக்கிறார், குழந்தாய். உரை" என்றார். அவ்வுமாபதி சிவம், தில்லைவாழந்தணருள் ஒருவராயிருந்து, மறைஞான சம்பந்தர்க்கு மாணவராகி, ஊர்ப்புறத்துக் கொற்றவன்குடியிற் சென்றுறைந்தவர். அவர் இயற்றிய சங்கற்பநிராகரணம் சக ஆண்டு 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல், தோன்றியது என்பது அந்நூலாலேயே அறியப்படும்.

இவ்வொரு பகற்பயணத்தால் அறியத்தக்கது யாது? மெய்கண்டார் பெண்ணாகடத்தில் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கினார், அருணந்தியார் திருத்துறையூரர், மறைஞான சம்பந்தரும் உமாபதியாரும் தில்லைச் சூழலினர். சந்தான குரவர் நால்வரும் நடந்த நிலம் இந்நடுநாடும் அதனையடுத்த தில்லையுமே. அளவை நூல் பிறந்த நிலத்தில் அளவையின்றி ஊர்காட்டுதல் முறையாகாது. வழிகாட்டுவான் கட்டிய ஒரு கதை பொய்யென்று ஒருநாள் வெளிப்படுமாயின், கேட்டவன் அதனை மட்டும் தள்ளான். அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சேக்கிழார் உரையையும் கல்வெட்டுரையையும் ஒருங்கே தள்ளுவன். பொய்க்குப் பக்கத்தில் வைத்த மெய்யும் பொய்போலத் தோன்றுதல் இயல்பு. ஆதலின் ஐதிகத்தை ஐதிகமென்று கூறுதல், மெய்யுரைக்கு இடும் வேலியாம்.

ஐதிகத்தை முற்றும் விலக்குதலும் வேண்டா. மக்கள் எதனை விரும்பினர், எங்கு நொந்தனர், எதனைக் கூட்டி முடிக்க அவாவினர் என்பதனை அது காட்டும். நாவலர் எழுந்து நின்ற கதையும் அவ்வகையில் ஒரு சான்றே. சைவருலகம் அப்பூசலை எவ்வளவு பொறாது வருந்திற்று என்பதற்குச் சான்று. பெயரை மாற்றாது வைத்துக்கொள்ளின் அதுவும் பயன்படும்.

ஒவ்வோரூரிலும் கற்ற இளைஞர் இருவர் மூவரேனும் தம்மூர்க் கல்வெட்டுக்களையும் தலவரலாற்றையும், போர்ச் செய்தியையும் புறச்சமயத்தார் விட்டுச்சென்ற சுவடுகளையும் பயின்று, வருவார்க்கு இவ்வாறு பகுத்துக் காட்டத் தொடங்குவாராயின், அவர்க்குப் பிழைப்பும் ஆகும். ஊர்க்குப் பெருமையும் ஆகும். கண்டதைக் கண்டதென்றும், கருதியதைக் கருதியதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் சொல்லுதற்குப் பெரும்பொருள் ஏதும் வேண்டுவதில்லை. நாவடக்கம் ஒன்றே போதும்.